இருபத்தைந்தாயிரத்துக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு

திருவல்லிக்கேணிக்காரர்களுக்கு ரிச்சி தெரு நடந்து போகிற தூரம்தான். வாலாஜா சாலையைப் பிடித்து, அண்ணா சாலையைக் கடந்து சற்று நடந்தால் போதும். ஒரு காலத்தில் ரேடியோ உதிரி பாகங்களுக்குப் பேர்போன அந்தச் சந்துகளில் இன்று கணினியின் எந்த உறுப்பும் கிடைக்கும். கிடைக்காதது ஒன்றுதான்: ‘இது உனக்கு வேண்டாம்’ என்று சொல்கிற வாய். அதைக் கடைக்காரரிடம் எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை.

2023 கோடையில் எங்கள் எதிர்ப் போர்ஷன் பையன் என்னிடம் வந்தான். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. முகூர்த்த நாட்களில் கேட்டரிங்கில் பந்தி பரிமாறிச் சேர்த்த 25,000 ரூபாய் கையில். “மாமா, இதுக்குள்ள நல்ல கார்டு எது?” என்றான். அவன் அப்பா ஜவுளிக்கடையில் பகலெல்லாம் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவர். “விளையாடறதுக்கா இவ்வளவு பணம்?” என்று ஒரே ஒரு முறை கேட்டார். தடுக்கவில்லை. மகன் உழைத்த பணம் என்பதில் அவருக்கு ஒரு மரியாதை இருந்தது. வாங்குகிற பொருள் சரியாக அமையாவிட்டால், அந்தக் கேள்வி அந்த வீட்டில் ஆயுளுக்கும் நிற்கும் என்று எனக்குப் பட்டது.

நல்ல கார்டு எது என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. உன்னிடம் எந்தத் திரை இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. கார்டின் வேலை புள்ளிகளுக்கு வண்ணம் பூசுவது. 1920க்கு 1080 என்ற திரையில் 20,73,600 புள்ளிகள். விநாடிக்கு 60 படங்கள் என்றால் பன்னிரண்டு கோடிக்கு மேல். 4கே திரையில் அது சரியாக நான்கு மடங்கு. பையனிடம் இருந்தது 1080 திரை, விநாடிக்கு 60 முறை மட்டும் புதுப்பித்துக்கொள்வது. அதற்கு 150 படங்கள் வரைகிற கார்டை வாங்கினால், பாதிக்கு மேற்பட்ட உழைப்பு கண்ணுக்கு வந்து சேராது. அப்படி வாங்கினால் திரையையும் மாற்ற வேண்டும்; பிறகு செலவுக்கு முடிவே இல்லை.

இரண்டாவது விஷயம் பெயர். இந்த வியாபாரத்தில் பெயர் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருப்பது சகஜம். என்விடியாவின் ஜிடி 1030 கார்டு 2017இல் ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு வந்தது. நினைவகத்தின் வேகம் விநாடிக்கு 48 ஜிபி. அடுத்த ஆண்டே அதே பெயரில் டிடிஆர்4 போட்ட ஒன்று வந்தது, வேகம் 16.8 ஜிபி. ஆர்டிஎக்ஸ் 3060இலும் இதே கதை. 2021இல் வந்தது 12 ஜிபி, 192 பிட் பாதை. 2022 இறுதியில் வந்தது 8 ஜிபி, 128 பிட். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது இரண்டிலும் ஒன்றே. சின்ன எழுத்தைப் படிக்கிறவன்தான் பிழைப்பான்.

மூன்றாவது, பெரும்பாலும் யாரும் பேசாத ஒன்று: வெப்பம். கார்டு குடிக்கிற மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். நம் வீட்டுச் சாதாரண மின்விசிறி 75 வாட். 2020இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3080க்கு 320 வாட். பையனின் அறை மொட்டை மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ். மே மாதத்தில் அங்கே நான்கு மின்விசிறிகளின் மின்சாரத்தைச் சூடாக மாற்றும் அடுப்பை வைத்துக்கொண்டு எவன் விளையாடுவான்? போதாததற்கு, அவன் கணினியில் இருந்தது கேபினெட்டோடு இலவசமாக வந்த, ஊர் பேர் தெரியாத எஸ்எம்பிஎஸ். கார்டுக்குப் பட்ஜெட் போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அது பழுதானால் கார்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகலாம்.

பழைய கார்டுகளும் குறைந்த விலையில் கிடைத்தன. எதீரியம் நாணயத்தை வெட்டியெடுக்கும் முறை 2022 செப்டம்பரில் கைவிடப்பட்டதும், இரவு பகலாக ஓடிக் களைத்த கார்டுகள் உலகெங்கும் சந்தைக்கு வந்தன. ஓட்டிப் பார்த்து வாங்க வழியிருந்தால் அதில் தவறில்லை. உத்தரவாதம் இல்லாத பொருளில் பந்தி பரிமாறிய காசைப் போட எனக்கு மனம் வரவில்லை.

கடையில் முதலில் எடுத்து நீட்டியது ஆர்டிஎக்ஸ் 3050. பையன் வாங்கியது ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600. 8 ஜிபி, 132 வாட். பெரும்பாலான விளையாட்டுகளில் 3050ஐவிட வேகமானது. ரே டிரேசிங் என்னும் ஒளி வித்தையில் ஏஎம்டி அப்போது பின்தங்கியிருந்தது. ஆனால் அந்த விலையில் எந்தக் கார்டிலும் அது பெயரளவுக்குத்தான். மிச்சப் பணத்தில் 500 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்று. பேருந்துக்கும் டீக்கும் போக, வீட்டுக்கு ஒரு தொகை திரும்பியது. அப்பா அதை எண்ணாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பெயர் விளையாட்டு ஓயவில்லை. 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐயும் 8 ஜிபி, 16 ஜிபி என்று ஒரே பெயரில் இரண்டு. புதிய விளையாட்டுகள் சிலவற்றுக்கு 8 ஜிபி திணறுகிறது என்பதால், இன்று வாங்குகிறவர் நினைவகத்தைக் கூடுதலாகக் கவனிப்பது நல்லது. கேள்விகளின் வரிசை மட்டும் மாறவில்லை: திரை, சின்ன எழுத்து, வாட், கடைசியில் விலை.

குறளில் ‘வலியறிதல்’ என்றோர் அதிகாரம் உண்டு. வினையின் வலிமை, தன் வலிமை, மாற்றான் வலிமை என்று போர்க்களத்தில் தொடங்குகிற அது, வரவுக்கு மேல் செலவு போகாமல் காப்பதில் போய் முடிகிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று முன்பெல்லாம் யோசித்திருக்கிறேன். கையில் எண்ணிய பணத்தோடு ரிச்சி தெருவில் நிற்கிறவனுக்கு அந்தச் சந்தேகம் வராது.