சிறு துணை

சேலம், நாமக்கல் சமவெளியில் கோழிப்பண்ணைகள் மிகுதி. சந்தைகளில் வண்ணம் பூசிய கோழிக்குஞ்சுகளைக் கூடையில் வைத்து விற்பதும் உண்டு. மதியிறுக்கம் உடைய தம் குழந்தைக்கு ஒரு துணை வேண்டும் எனக் கருதும் பெற்றோர் கண்ணில் முதலில் படுவன அக்குஞ்சுகளே. விலையோ குறைவு, குழந்தையும் கை நீட்டுகின்றது. ஆயினும், ஆராயாது வாங்குதல் நன்றன்று.

மதியிறுக்கம் என்பது தொற்றுநோய் அன்று. மூளை வளரும் முறையில் அமைந்த வேறுபாடு. லியோ கானர் என்னும் மருத்துவர் 1943ஆம் ஆண்டில் இதனை விரித்து எழுதினார். இவ்வியல்புடைய குழந்தைகள் எல்லாரும் ஒரு தன்மையர் அல்லர். சிலருக்குச் சிற்றொலியும் பேரிடியாகத் தோன்றும். சிலர் பிறர் தொடுவதைப் பொறார். வேறு சிலரோ மென்மயிரைத் தடவி அமைதி பெறுவர்.

ஆதலின், குழந்தையின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். ஓசைக்கு அஞ்சிக் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தைக்கு ஓயாது கத்தும் குஞ்சு துணையாகாது. முயல் அமைதியானது, ஆனால் அதன் முதுகெலும்பு மெல்லியது. இறுகப் பிடித்தால் அது உதறும். உதறினால் எலும்பு முறிதலும் கூடும். சேலத்துச் சித்திரை வெயிலையும் அது தாங்காது. தொட விரும்பாது பார்க்க மட்டும் விரும்பும் குழந்தைக்குத் தொட்டி மீன்களே ஏற்றவை. பச்சைக்கிளியை வளர்த்தலோ 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும்.

ஆஸ்திரேலிய நாட்டுப் பள்ளிகளில் நடத்திய ஆய்வொன்று 2013ஆம் ஆண்டில் வெளிவந்தது. மதியிறுக்கமுடைய குழந்தைகள் பொம்மைகளோடு இருந்தபோதைவிடக் கினிப்பன்றிகளோடு இருந்தபோது மிகுதியாகப் பேசினர், சிரித்தனர், பிறர் முகத்தை நோக்கினர் என அஃது உரைத்தது. எனினும் விலங்கு மருந்தன்று. அதுவும் பசியும் அச்சமும் உடைய ஓர் உயிரே.

வண்ணக் குஞ்சுகளுள் பல, சில நாட்களிலேயே மடிந்துவிடுகின்றன. அன்றாட வழக்கத்தில் சிறு மாற்றமும் பொறாத குழந்தை, காலையில் கூடை வெறுமையாய் இருக்கக் கண்டால் என் செய்யும்? தன் துயரைச் சொல்லவும் அதற்குச் சொல் வாராது போகலாம். ஆகவே, வாங்குமுன் அவ்வுயிரை வளர்ப்பார் வீட்டிற்குக் குழந்தையைப் பலமுறை அழைத்துச் செல்லுதல் நலம். கால்நடை மருத்துவரையும் கேட்டறியலாம். நாள்தோறும் உணவிடுவோர் யார், கூட்டைத் தூய்மை செய்வோர் யார் என்பதையும் வீட்டார் முன்னரே முடிவு செய்தல் வேண்டும். குழந்தை விலகி நின்றால் வற்புறுத்தலாகாது. அது தானே அருகில் வந்து ஒரு விரலால் தொடும் நாள்வரை காத்திருத்தலே அன்புடைமை.