சுமையோடு அளத்தல்

ஒலக்கூரில் கடல் இல்லை. ரயில்வே ஸ்டேஷன் உண்டு. பம்புசெட்டுகள் ஓடத் தொடங்கியதும் கண் சிமிட்டும் டியூப்லைட் உண்டு. பாய்மரப் படகின் ஆட்டோபைலட்டைப் பற்றி இங்கிருந்து ஒருவன் எழுதுவது விநோதமாகப் படலாம். ஆனால் லோ வோல்டேஜ் என்ற அனுபவத்தில் ஒலக்கூர்க்காரன் எந்த மாலுமிக்கும் சளைத்தவனல்ல.

ஆட்டோபைலட் என்பது, படகு திசை பிசகுவதைக் காந்தமானி வழியாக உணர்ந்து, மோட்டாரால் சுக்கானைத் திருப்பும் கருவி. தனியாகப் போகிறவன் தூங்குவதும் சமைப்பதும் அதன் தயவில். 12 வோல்ட் பேட்டரிதான் அதற்குச் சோறு. பலத்த காற்றில், சுக்கானோடு மல்லுக்கட்டும் அந்த நிமிஷத்தில், திரை இருண்டுவிடுகிறது. படகு தன்னிஷ்டத்துக்குத் திரும்புகிறது. கொஞ்ச நேரத்தில் கருவி மறுபடி உயிர்பெற்று, ஒன்றுமே நடக்காததுபோல் நிற்கிறது.

புதுச்சேரியில் படகுகளுக்கு மின்வேலை பார்க்கும், எனக்குத் தம்பி முறையான ஒருவனோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படிப்பட்ட படகொன்றில் ஏறினேன். சொந்தக்காரருக்குக் கருவியின் மூளைமேல் சந்தேகம். புதிது வாங்கவும் தயாராக இருந்தார். பேட்டரியில் மீட்டரை வைத்தபோது 12.6 காட்டியது. “நல்லாத்தானே இருக்கு?” என்றேன்.

“சும்மா இருக்கறப்ப எல்லாமே நல்லாத்தான் காட்டும்ணே. வேலை கொடுத்து, வேலை நடக்கற எடத்துல பாக்கணும்.”

மீட்டரை மோட்டாரின் முனைகளுக்கு மாற்றினான். என்னைச் சுக்கானை எதிர்த்துப் பிடிக்கச் சொன்னான். நான் பிடித்ததும் எண் 10.8க்குச் சரிந்தது. பேட்டரி முனையில் அதே நேரம் 12.3. ஒன்றரை வோல்ட் வழியில் தொலைந்திருந்தது.

கணக்கு எளியது. மோட்டார் 10 ஆம்பியர் இழுக்கிறது. போக வர 10 மீட்டர் நீளம், 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி. அதிலேயே ஏறக்குறைய 0.7 வோல்ட் போய்விடும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டிருந்தால் 0.3தான். மீதியை ஒரு இணைப்பில் கண்டுபிடித்தான்: வெளியே பச்சைக் களிம்பு, உறையை உரித்தால் உள்ளே கருத்த தாமிரம். உப்புக்காற்று வேலை செய்திருந்தது. புதிதாக வாங்கியிருந்தால் அந்த மூளையும் இந்தக் கம்பியில்தான் பட்டினி கிடந்திருக்கும்.

நம் விமர்சனத்தில் பெரும்பகுதி பேட்டரி முனையில் எடுத்த அளவு என்று அப்போது தோன்றியது. படிமம், இறுக்கம், மௌனம் என்று கவிதை சும்மா இருக்கும்போது எல்லாம் 12.6தான். வாசகனுடைய ஒரு கெட்ட நாளின் பாரத்தை அதன்மேல் ஏற்றி, அவனிருக்கும் இடத்தில் என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்பவர் குறைவு. (இந்தப் பத்திரிகையும் விலக்கல்ல.)

மின்சாரமே வேண்டாத சுக்கானும் உண்டு. கோல்டன் குளோப் பந்தயத்தில் 1968க்குப் பிந்தைய நுட்பம் கூடாது, காற்றுத் தகடுதான். காற்று சாய்க்கும் தகடு நீரிலுள்ள துடுப்பைத் திருப்பும். நீரின் வேகம் அதற்குப் பலம் தரும். 2022-23 பந்தயத்தில் அபிலாஷ் டோமி இந்தச் சாதனம் பழுதானபோது கழிவறைக் கதவை அறுத்துப் பாகம் செய்து, 236 நாட்களில் இரண்டாவதாக வந்தார். 2018 பந்தயத்தில் முதுகெலும்பு முறிந்து நடுக்கடலிலிருந்து மீட்கப்பட்டவர் அவர். மின்சாரம் போனால் ஒரு கதவால் ஈடு செய்ய முடியாது. ஆனால் மென்காற்றில் தகடு சோம்பும். எஞ்சினில் ஓடும்போது அநேகமாக உதவாது. ஒன்றைப் புனிதமாக்கி மற்றதை இழிவாகப் பேசுவது கரையிலிருப்பவர்களின் பொழுதுபோக்கு.

பம்பாயில் கட்டிய ‘சுஹைலி’யில் 1969 ஏப்ரல் 22 அன்று 312 நாள் பயணத்தை முடித்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனுக்கு அந்தத் தகடும் வழியில் உடைந்தது. பாய்களைச் சமன்செய்து படகைத் தானாக ஓடவிட்டுக் கரைசேர்ந்தார்.

தம்பியும் கம்பி மாற்றியபின் இதைத்தான் சொன்னான். பெரிய பாயை இறுக்கிக் கட்டினால் படகு காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும், கருவி ஓயாமல் அதை இழுத்துப் பிடிக்கும், ஆம்பியர் ஏறும். சொந்தக்காரரைப் பாயைக் கொஞ்சம் தளர்த்தச் சொன்னான். சுக்கான் கை நடுவுக்கு வந்தது. மோட்டாரின் முனகல் அடங்கியது. மீட்டரில் 12.2.