சூரிய மலையில் ஒரு பகல்

'சுற்றுலா' என்ற சொல் காதில் விழுந்ததும் நம் இல்லங்களில் பிள்ளைகளின் முகம் மலர்வதையும், பெரியவர்களின் முகம் சுருங்குவதையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். உம்ராவுக்குச் செல்கிறோம் என்றால் வீடே மகிழ்கிறது. உறவினர் திருமணத்திற்காக இரவெல்லாம் பேருந்தில் குலுங்கிச் செல்லவும் எவரும் தயங்குவதில்லை. மலையைப் பார்க்கப் போகிறோம் என்றால் மட்டும், "மலையில் என்ன இருக்கிறது? வீண் விரயம்" என்று ஒரு குரல் எழுந்துவிடுகிறது.

விரயத்தை மார்க்கம் கண்டிக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்று அருள்மறை ஓரிடத்தில் அல்ல, பல இடங்களில் அழைக்கிறது. அவ்வழைப்புகளில் பெரும்பாலானவை நமக்கு முன் சென்ற சமுதாயங்களின் முடிவைக் காணச் சொல்பவை. படைப்பு எவ்வாறு தொடங்கிற்று என்பதைக் காணச் சொல்வதும் உண்டு. இவற்றை மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்து, பொருள் சொல்லி, மனனம் செய்யவைத்து, அவர்களையும் நம்மையும் நான்கு சுவர்களுக்குள்ளேயே இருத்திக்கொள்வது எனக்கு எப்போதும் பொருத்தமாகப் பட்டதில்லை.

2024 டிசம்பர் இறுதியில் ஒரு வியாழக்கிழமை, ஓமன் நாட்டின் ஜபல் ஷம்ஸ் மலைப் பள்ளத்தாக்கில், கூலிக்கு அமர்த்திய வழிகாட்டி ஒருவரின் பின்னால் நடந்து சென்றோம். நாங்கள் என்றால், என் மூத்த காக்கா, என் மனைவி, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள், நான். காக்கா மஸ்கட்டின் ரூவி கடைவீதியில் ஒரு துணிக்கடையில் 27 ஆண்டுகள் பணியாற்றியவர். அந்த மாதத்தோடு கணக்கை முடித்துக்கொண்டு ஊர் திரும்பவிருந்தார். "இத்தனை காலம் இந்த நாட்டின் உப்பைத் தின்றேன், கடையையும் அறையையும் பள்ளிவாசலையும் தவிர எதையும் பார்க்கவில்லை. போவதற்கு முன் அந்த மலையைப் பார்த்துவிட வேண்டும். நீங்கள் எல்லோரும் வாருங்கள்" என்று அவரே அழைத்திருந்தார். செலவும் அவருடையது.

வழிகாட்டி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பாதையில் பாறைகளின்மீது மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஆகிய மூன்று வண்ணங்களில் அடையாளம் தீட்டியிருக்கிறார்கள். அவற்றைப் பார்த்துத் தாமாகவே நடப்போரும் உளர். எனினும் அறியாத மலையில் அறிந்தவரைப் பின்பற்றுவதே சரி என்பது என் கருத்து. இதைச் சொல்லும்போது இப்னு பதூதா நினைவுக்கு வருகிறார். 1325இல் தாஞ்சியரிலிருந்து புறப்பட்டு, பின்னாளில் நம் மதுரை வரை வந்த அந்தப் பெரும் பயணி, இதே ஓமனில் ஒரு வழிகாட்டியிடம் பட்ட பாடு சுவையானது.

கப்பல் சூர் துறையில் நின்றபோது, கல்ஹாத் நகரம் கண்ணுக்குத் தெரிய, பக்கத்தில்தான் இருக்கிறது என்று எண்ணி நடந்தே போகத் துணிந்தார். துணைக்கு கிள்ர் என்னும் இந்தியர் ஒருவர். வழிகாட்ட ஒரு கப்பலாள். அந்த ஆளின் கண் முழுவதும் இவருடைய ஆடை மூட்டையின்மீது. கடலின் கழியொன்றை மூட்டையுடன் நீந்திக் கடந்துவிடப் பார்த்தான். இப்னு பதூதா கையில் ஈட்டியுடன் அவனை விழிப்பாகவே கவனித்து வந்தார். பிறகு நீரற்ற வெளி, தாகம், நோயுற்ற தோழர். இரவு முழுதும் அவர் உறங்கவில்லை; வழிகாட்டி அசையும்போதெல்லாம், தாம் விழித்திருப்பது தெரியும்படி ஏதாவது பேசினாராம். கல்ஹாத்தை அடைந்தபோது பாதங்கள் செருப்புக்குள் வீங்கி, நகக்கண்களில் இரத்தம் கசியும் நிலை. ஆறு நாட்கள் எழுந்து நடக்க இயலாமல் கிடந்தார். அத்தனைக்கும் பிறகு அதே நாட்டின் நிஸ்வா நகருக்கும் சென்று, அங்குள்ள மக்கள் அவரவர் உணவைக் கொண்டுவந்து பள்ளிவாசல் முற்றத்தில் கூடி உண்பதையும் குறித்து வைத்தார். கால் வீங்கியவர் ஊர் சுற்றுவதை நிறுத்திவிடவில்லை!

எங்களுக்கு வாய்த்தவர் நேர்மாறானவர். அல்ஹம்ரா ஊரைச் சேர்ந்த நடுத்தர வயதினர், சொற்பமாகப் பேசுபவர். முந்தைய மாலையே எங்கள் தங்குமிடத்திற்கு வந்து காலணிகளைப் பார்வையிட்டார். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் என்றார். பெண்களின் அங்கி தரையில் புரளக்கூடாது, கணுக்கால் அளவோடு நின்று உள்ளே கால்சட்டை இருக்கட்டும், கற்களில் துணி சிக்கினால் ஆபத்து என்றார். என் மனைவி அன்றிரவே ஊசி நூல் எடுத்து இரண்டு அங்கிகளின் விளிம்பையும் மடித்துத் தைத்துவிட்டாள். பர்தாவுடன் மலை ஏற முடியுமா என்று ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்ட சகோதரிகளுக்கு, நான்கு விரல் மடிப்பே போதுமான பதிலாக இருந்தது.

மஸ்கட்டிலிருந்து ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவில், ஹஜர் மலைத்தொடரில் ஜபல் ஷம்ஸ் இருக்கிறது. 'சூரிய மலை' என்று பொருள். ஓமனின் மிக உயர்ந்த மலை இதுவே. சிகரம் 3,000 மீட்டரைத் தொடுகிறது. கூல் என்னும் சிற்றூரைத் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. அதிகாலைக் குளிரில், நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியில் ஏறிச் சென்று, அல் கிதைம் என்ற சில வீடுகளே உள்ள இடத்தில் இறங்கினோம். ஆடுகள் எங்களைச் சூழ்ந்துகொண்டு பைகளை முகர்ந்தன. பத்தடி நடந்ததும் தரை முடிந்துவிட்டது.

வாசகர்களே, அதை எழுத்தில் காட்டுவது கடினம். வாதி அந்நக்ர் என்னும் அந்த மலைப்பிளவு ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழம். அடியில் பேரீச்ச மரங்கள் பச்சைப் புள்ளிகளாய்த் தெரிகின்றன. கழுகுகள் நமக்கு மேலே அல்ல, கீழே பறக்கின்றன. அவற்றின் முதுகைப் பார்க்கிறோம். அரபகத்தின் கிராண்ட் கேன்யன் என்று பயணிகள் சொல்வது இதைத்தான். சுவர் போல் அடுக்கடுக்காய் நிற்பது சுண்ணாம்புக் கல். அதன் மேலடுக்குகள் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற கடலின் அடியில் படிந்தவை. பிறகு பூமியின் அசைவால் மேலே உயர்த்தப்பட்டவை. பாதையோரப் பாறையொன்றில் சிப்பியின் சுவடு இருந்தது. என் மகள் அதன்மீது விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். நிலவியல் படிக்க வேண்டும் என்று அவள் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது குறித்து அங்கே நாங்கள் எதுவும் பேசவில்லை.

பாதை செங்குத்தானது அன்று. பாறைச் சுவரின் இடுப்பில் கட்டிய அரைஞாண் போல ஏறக்குறையச் சமமாகச் செல்கிறது. ஒரு பக்கம் சுவர்; மறுபக்கம் வெறும் காற்று. கழுதைகளும் மனிதர்களும் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திய வழி அது. ஏற்றத்தில் தக்பீரும் இறக்கத்தில் தஸ்பீஹும் சொல்வது நபித்தோழர்களின் பயண வழக்கம். வழிகாட்டி அதை மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே நடந்தார். என் மனைவி சுவரையொட்டி, முன்னால் செல்பவரின் குதிகாலைப் பார்த்தபடி வந்தாள். அதுவும் வழிகாட்டி சொல்லிக்கொடுத்த உபாயம்தான்.

அரை மணி நேரம் கழிந்திருக்கும். காக்கா ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். நாள் முழுதும் கடையில் நின்று நின்று தேய்ந்த முழங்கால், போதாக்குறைக்கு நீரிழிவு. "நீங்கள் போய் வாருங்கள் தம்பி. நான் இங்கேயே இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னால் உங்கள் பயணம் கெட வேண்டாம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் முகத்தை எங்கள் பக்கம் திருப்பவில்லை. தம் பணத்தில், தம் விருப்பத்தில் வந்த பயணத்தில் தாமே தங்கிவிட நேர்ந்தால் அந்த மனம் என்ன பாடுபடும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் வழிகாட்டியைப் பார்த்தேன். அவர் திரும்பி வந்து, காக்காவின் எதிரில் குந்தி அமர்ந்து, மாத்திரை எடுத்தாரா, காலையில் என்ன உண்டார் என்று விசாரித்தார். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்துக் கொடுத்து உண்ணச் செய்தார். பிறகு, "இந்தப் பாதையில் ஒருவரையும் தனியே விட்டுச் செல்வதில்லை. போனால் எல்லோரும் போவோம். திரும்பினால் எல்லோரும் திரும்புவோம். இரண்டில் எது என்பதைப் பதினைந்து நிமிடம் கழித்துச் சொல்கிறேன்" என்றார். கட்டணம் கொடுத்தவர்கள் நாங்கள், கட்டளையிட்டவர் அவர். மூவர் பயணம் சென்றால் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த ஹதீஸை எத்தனையோ ஆண்டுகளாகப் பாடம் நடத்தியிருக்கிறேன். அதன் பொருளை ஒரு பாறை விளிம்பில் நின்று கேட்டது அன்றுதான்.

பதினைந்து நிமிடம் கழிந்தது. காக்காவை எழுப்பி, நான்கு அடி நடக்கவிட்டுப் பார்த்தார். பின்னர் வரிசையை மாற்றினார். காக்கா அவருக்கு அடுத்தபடி முன்னால், நான் கடைசியில். காக்கா வைக்கும் அடியைவிட விரைவாக எவரும் அடி வைக்கக்கூடாது என்று விதித்தார். பலவீனமானவர் பின்னால் வந்தால், முன்னால் செல்பவர்கள் காத்திருக்கும் நேரமெல்லாம் அவர்களுக்கு ஓய்வு. அவர் வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடுவதால் அவருக்கு மட்டும் ஓய்வே இல்லை! அவரை முன்னால் விட்டால் கணக்கு நேராகிவிடுகிறது. பயணத்தில் பின்தங்கி நின்று பலவீனர்களை நடத்திச் செல்வது நபிகளாரின் வழக்கம். தொழுகை நடத்தும் இமாமுக்கும் கூட்டத்தில் பலவீனமானவரே அளவுகோல். இந்த மனிதர் அதை ஏட்டில் படித்துச் செய்தாரா, மலையிடம் கற்றுச் செய்தாரா, அறியேன்.

மற்றவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் கடக்கும் தூரத்தை நாங்கள் மூன்று மணி நேரத்தில் கடந்தோம். பாதை முடிகிற இடத்தில், மலைச்சுவர் குடை போல முன்னோக்கிக் கவிந்திருக்க, அதன் அடியில் கல்லும் மண்ணும் குழைத்துக் கட்டிய வீடுகள். ஸாப் பனீ கமீஸ் என்னும் ஊர். ஆட்கள் இல்லை. பாறையே கூரையாதலால் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. கீழே படிப்படியாய் வயல்கள். கோதுமையும் வெங்காயமும் விளைந்தனவாம். ஊருக்குச் சற்று மேலே, பாறையின் மடியில் ஒரு சுனை. அந்நீரே ஊரை வாழவைத்திருக்கிறது.

நீரைப் பற்றி ஒரு சொல். ஓமனில் 'பலஜ்' எனப்படும் வாய்க்கால்கள் ஏறத்தாழ 3,000 இன்றும் பயன்பாட்டில் உள்ளன. அவற்றில் ஐந்தினை யுனெஸ்கோ 2006இல் உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது. தண்ணீரை அவர்கள் அளவால் பங்கிடுவதில்லை, நேரத்தால் பங்கிடுகிறார்கள். ஏறக்குறைய அரை மணி நேரம் ஒரு 'அதர்'. பகலில் நிழலைப் பார்த்தும், இரவில் நட்சத்திரங்களைப் பார்த்தும் முறை மாற்றினார்கள். தெருக்குழாயடியில் குடத்துக்குக் குடம் சண்டையிடும் நாம் இதனை அறிந்துகொள்வது நல்லது.

சுனை நீரில் உளூச் செய்து, வயல் மேட்டில் ளுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். கிப்லா ஏறக்குறைய நேர் மேற்கு. 'உஸ்தாத் நடத்தட்டும்' என்று வழிகாட்டி என்னை முன்னிறுத்தினார். அவர் இபாழி மத்ஹபினர். கைகளைத் தொங்கவிட்டுத் தொழுபவர். நாங்கள் ஷாபிஈகள், கைகளைக் கட்டித் தொழுபவர்கள். நான் ளுஹரை இரண்டு ரக்அத்தில் முடித்து ஸலாம் கொடுத்ததும், உள்ளூர்வாசியான அவர் எழுந்து தம் எஞ்சிய இரண்டு ரக்அத்துகளை நிறைவு செய்தார். நம் ஊரில் விரலசைப்பதற்கும் தொப்பி அணிவதற்கும் நடந்த வழக்குகள் என் நினைவில் ஓடின. அங்கே அதைப் பேசுவாரில்லை.

உணவுக்குப்பின் காக்காவும் அவரும் பேசிக்கொண்டிருந்தனர். நூலறிவால் நான் பேசும் இலக்கண அரபியைக் கேட்டு அவர் பலமுறை புன்னகைத்திருக்கிறார். காக்காவின் கடைத்தெரு அரபியில் இலக்கணமே இல்லை. ஆனால் இருவருக்கும் எல்லாம் விளங்கிற்று. இவர்கள் ஏன் போனார்கள் என்று காக்கா கேட்டார். கீழே சாலை வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, மருத்துவமனை வந்தது, நகரத்தில் மாதச் சம்பளம் கிடைத்தது. ஒவ்வொரு குடும்பமாக இறங்கிவிட்டது என்றார் அவர்.

காக்கா இடிந்த அடுப்பொன்றைப் பார்த்தவாறு இருந்தார். "எங்கள் தெருவிலும் வீடுகள் காலிதான். ஆனால் எல்லாம் புதிய வீடுகள். பளிங்குக் கல் பதித்தவை. நானும் ஒன்று கட்டியிருக்கிறேன். 27 ஆண்டுகளில் அதில் நான் படுத்துறங்கிய இரவுகள் இரண்டாண்டுக்கு வராது" என்றார். எங்கள் தெருவின் வீடுகளை நான் மனத்துக்குள் எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். வழிகாட்டி, "இனி உறங்குவீர்கள், இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டுக் குவளைகளைக் கழுவ எழுந்தார்.

திரும்பும் வழியில் குறிப்பிடும்படி ஒன்றும் நேரவில்லை. அதே வரிசை, அதே நடை. அல் கிதைமில் சிறுமியர் ஆட்டு மயிரில் பின்னிய கைவளைகளை விற்றார்கள். துணிக்கடையில் ஆயுளைக் கழித்த காக்கா, முடிச்சையும் சாயத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, விலை பேசாமல், ஊரிலிருக்கும் மதினிக்காக இரண்டு வாங்கினார்.

இரவு அல்ஹம்ராவில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தவரிடம், நாளை ஓய்வெடுத்துவிட்டு மஸ்கட் திரும்பலாம் என்றேன். "நாளை வெள்ளிக்கிழமை தம்பி. நிஸ்வாவில் காலையிலேயே ஆட்டுச்சந்தை கூடுமாம். பஜ்ர் தொழுததும் கிளம்பிவிட வேண்டும். வண்டிக்குச் சொல்லிவிட்டேன்" என்றார்.