மாலத்தீவும் ஆச்சி வீட்டு மாசியும்

மாலத்தீவுன்னு சொன்னா எல்லாருக்கும் நீலக் கடல், தண்ணிக்கு மேல கட்டின குடில், ஹனிமூன் போட்டோ இதெல்லாம்தான் ஞாபகம் வரும். நான் சாப்பாட்டு ராமன். எனக்கு இருந்தது ஒரே கேள்வி: அங்க என்ன சாப்பிடுவாங்க?

எங்க அத்தை மகன் அங்க ஒரு ரிசார்ட்ல எட்டு வருஷமா சமையல் வேலை பாக்காங்க. இந்தியர்களுக்கு அங்க போய் இறங்கினதும் இலவசமா விசா குடுத்துடுவாங்க. விமானமும் நமக்குப் பக்கத்துல திருவனந்தபுரத்துல இருந்தே இருக்கு. போன லீவுல கிளம்பிட்டேன். ரிசார்ட்ல தங்க நம்ம பாக்கெட் தாங்காது. ஜனங்க குடியிருக்குற தீவுகள்ல விருந்தினர் விடுதி நடத்த 2009-க்கு அப்புறம் வழி விட்டாங்க. அப்படி ஒரு தீவான மாஃபுஷியில ரூம் போட்டேன். அத்தான் ஏற்பாட்டுல ஒருநாள் மட்டும் ரிசார்ட் விருந்து!

ஏயப்பா, என்னா விருந்து! இத்தாலி பாஸ்தா, ஜப்பான் சுஷி, நியூசிலாந்து ஆட்டுக்கறி, நார்வே சால்மன். சுத்தி இருக்கிறது ஒரு கடல், தட்டுல கிடக்கிறது வேற கடல் மீன். "இதுல மாலத்தீவு சாப்பாடு எது அத்தான்?"னு கேட்டேன். "வாரத்துல ஒருநாள் போடுவோம்டே, ஒரு கரண்டி எடுத்துப் பாத்துட்டு போயிருவாங்க"ன்னு சிரிச்சாங்க.

இது 1972-ல குரும்பா தீவுல முதல் ரிசார்ட் வந்ததுல இருந்து நடக்குற கதை. ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட். மண்ணு பூரா பவளப்பாறை மணல், நெல் விளையாது. அரிசி, வெங்காயம், முட்டை எல்லாம் வெளியில இருந்துதான் வரணும். வருஷத்துக்கு இவ்வளவு அனுப்புறோம்னு 1981-லயே இந்தியா ஒப்பந்தம் போட்டிருக்கு. நம்ம தூத்துக்குடியில இருந்து தோணிங்க காய்கறி, கல்லு, மணல்னு ஏத்திக்கிட்டு மாலேக்குப் போகுது. பி.காம். படிக்கிறவன் பார்வையில பாத்தா அந்த பஃபே மேசை முழுக்க இறக்குமதிக் கணக்குதான்.

அப்போ அவங்க சொந்தச் சரக்கு என்ன? பதில் மறுநாள் காலையில மாஃபுஷி டீக்கடையில கிடைச்சது. 'மஸ் ஹுனி'ன்னு ஒரு தட்டு வந்தது. உதிர்த்த மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சைச் சாறு. தொட்டுச் சாப்பிட சப்பாத்தி மாதிரி 'ரோஷி'. ஒரு வாய் வச்சதும் தூக்கிவாரிப் போட்டுச்சு. எங்க ஆச்சி பழைய சோத்துக்கு அரைக்கிற மாசிச் சம்பலேதான்!

அங்க மஸ்ஸுன்னா மீன். நம்ம மாசி அங்கிருந்து வந்த பேராத்தான் இருக்கணும். சூரை மீனை வலை போடாம தூண்டில்ல ஒவ்வொண்ணாப் பிடிச்சு, அவிச்சு, புகை போட்டு, வெயில்ல கட்டை மாதிரி காயவைப்பாங்க. 1340-கள்ல அங்க நீதிபதியா இருந்த இப்னு பதூதா, இந்த மீன் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் போறதை எழுதி வச்சிருக்கார். ரிசார்ட் வந்து அம்பது வருஷத்துக்குக் கொஞ்சம் மேலதான் ஆச்சு. மாசி வியாபாரத்துக்கு அறுநூறு வருஷத்துக்கு மேல வயசு.

இதை அத்தான்கிட்ட சொன்னப்பதான் அவங்க மனசுல இருந்ததை எடுத்து விட்டாங்க. பாளையங்கோட்டையில ஒரு மீன் சாப்பாட்டுக் கடை போடணுமாம், முதல் ஐட்டமே மாசிச் சம்பலாம். அத்தைக்குப் பிடிக்கலை. டாலர்ல வர்ற சம்பளத்தை விட்டுட்டு கடையான்னு ஒரே சண்டை. "நீ காமர்ஸ்தானடே, கணக்குப் போட்டுச் சொல்லு"ன்னாங்க.

போட்டுப் பாத்தேன். அட்வான்ஸ், வாடகை, கேஸ், ரெண்டு ஆள் சம்பளம். முதல் ரெண்டு வருஷம் நஷ்டம்தான், மறைக்காமச் சொல்லிட்டேன். ஆனா எட்டு வருஷமா ஊர்ப்பட்ட நாட்டுச் சாப்பாட்டைச் சமைச்சவங்க, தன் ஊர்ச் சாப்பாட்டை ஒருநாள் கூட ஒருத்தருக்கும் பரிமாறினது இல்லை. அதை எந்தக் கணக்குல எழுதறதுன்னு எங்க அக்கவுண்ட்ஸ் புத்தகத்துல இல்லை.

அடுத்த தைக்கு அத்தான் ஊருக்கு வர்றாங்க. திரும்பிப் போற டிக்கெட் இன்னும் போடலையாம். அத்தைக்குத் தெரியாது, நீங்களும் சொல்லிராதீங்க மக்களே :-)