தங்கை இட்ட விருந்து

விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பதும் ஒரு பொருள். வகுப்பிலே இதனைப் பல்லாண்டுகளாக மாணவருக்குச் சொல்லி வந்திருக்கிறேன். ஆயினும் அச்சொல்லின் முழுப்பொருளையும் நான் உணர்ந்தது, இத்தாலி நாட்டுச் சிசிலித் தீவிலே, பலெர்மோ நகரத்து மாடிவீடொன்றின் சிறிய குசினியிலேதான்.

என் ஒரே தங்கை மணமாகி 2007ஆம் ஆண்டிலே அங்கு சென்றாள். நம் தமிழர் பலர் வாழும் நகரம் அது. மொந்தே பெல்லெக்ரீனோக் குன்றிலுள்ள புனித ரொசாலியாவின் குகைக் கோயிலுக்குக் கத்தோலிக்கர் மாத்திரமன்றி நம் இந்துக்களும் சென்று வழிபடுகின்றனர். தங்கை முதியோரைப் பராமரிக்கும் வேலை செய்கிறாள். அவள் கணவர் உணவுச்சாலை ஒன்றிலே பாத்திரம் கழுவுகிறார். எங்கள் தாயாரின் மருந்துச் செலவு முழுவதும் அவளுடையதே. 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது, என் சம்பளம் மாதத்தின் பாதியைக்கூடக் கடக்கமாட்டாது தவித்த வேளையில், அவள் அனுப்பிய பணமே எங்கள் அடுப்பை எரியச் செய்தது.

2023 மார்கழி விடுமுறைக்குப் பயணச்சீட்டும் அனுப்பி என்னை அழைத்தாள். நானோ ஒரு கோரிக்கையை நெஞ்சிலே சுமந்துகொண்டு சென்றேன். எங்கள் வீட்டுக் கூரைமரங்கள் உளுத்துப்போயிருந்தன. அவற்றை மாற்றப் பெருந்தொகை வேண்டும். ஐரோப்பாவிலே இருப்பவளுக்கு அது ஒரு பொருட்டா என்பது அன்று என் எண்ணம்.

நான் சென்ற நான்காம் நாள் மாலை, இராச் சமையலுக்கென அவள் இரண்டு தகரப் பேணிகளை எடுத்து வைத்தாள். உள்ளே இருந்தவை வேகவைத்த வெள்ளைப் போஞ்சி விதைகள். பேணி ஒன்றின் விலை ஒரு யூரோவுக்கும் குறைவு. நம்மூரிலே பேணியில் அடைத்த உணவு அவசரத்துக்கு உதவுவது. விருந்தினருக்கு அதனை எவரும் இடுவதில்லை. என் முகக்குறிப்பை அவள் கண்டுகொண்டாள் போலும்.

“பொறுங்கோ அண்ணா, சாப்பிட்டிட்டுச் சொல்லுங்கோ” என்றாள்.

நானூறு கிராம் பேணிகள் இரண்டையும் திறந்து, உப்புநீரை வடித்து, விதைகளைக் கழுவினாள். அவற்றிற் பாதியைக் கரண்டியால் மசித்துக் களியாக்கினாள். ஒரு வெங்காயம், ஒரு கரட், ஒரு செலறித் தண்டு ஆகியவற்றைப் பொடியாக அரிந்து, மூன்று கரண்டி ஒலிவ் எண்ணெயிலே இளந்தீயில் வதக்கினாள். நசுக்கிய உள்ளிப் பற்கள் இரண்டும், ரோஸ்மேரி என்னும் வாசனைத் தழையில் ஒரு கொத்தும் அதனுட் சென்றன. பின்னர் இரண்டு தக்காளிப்பழங்கள். அவை கரைந்ததும் மசித்த விதையும் முழு விதையும் ஏறக்குறைய ஒரு லீற்றர் நீரும். அது கொதித்தபோது, விரல்நுனி அளவே உள்ள குழல்வடிவப் பாஸ்தாவில் இருநூறு கிராமை அக்குழம்பிலேயே இட்டாள். பாஸ்தாவைத் தனியே அவித்து நீரை வடித்தால் அதன் மாச்சத்து வீணாகிவிடும். குழம்பிலேயே வெந்தால், அம்மாச்சத்தே பாலும் வெண்ணெயும் சேர்த்தாற்போன்ற கொழுமையைத் தந்துவிடுகிறது. அடிப்பிடியாதபடி இடையிடையே கிளறுதல் வேண்டும். வெந்ததும் இறக்கிப் பத்து நிமிடம் மூடி வைத்தாள்.

இவ்வுணவுக்குப் பாஸ்தா எ பஜோலி என்று பெயர். இத்தாலிய ஏழைக் குடியானவரின் உணவு இது. 1492இல் கொலம்பஸ் அமெரிக்கக் கரையை அடைந்த பின்னரே போஞ்சி அந்நாட்டுக்கு வந்தது. அதற்கு முன் அவர்கள் உண்ட பயறுவகைகளுள் நம் கௌபியின் இனமும் ஒன்று. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே அன்னிபாலே கராச்சி என்ற ஓவியர், பயற்றுக் கிண்ணத்தின் முன் கரண்டியும் கையுமாக இருக்கும் உழைப்பாளி ஒருவனைத் தீட்டினார். அவ்வோவியம் இன்றும் உரோமாபுரியின் கொலொன்னா மாளிகையிலே தொங்குகிறது.

பாற்கட்டியைத் துருவித் தூவுவது அந்நாட்டு வழக்கம். அங்குள்ள பெயர்பெற்ற பாற்கட்டிகள் சிலவற்றிலே கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் சேர்வதால், சைவ உணவினனாகிய எனக்கு அது ஆகாது. அதற்கும் சிசிலியர் ஒரு வழி வைத்திருந்தனர். பாற்கட்டி வாங்க வசதியற்ற வீட்டார், காய்ந்த பாணைத் தூளாக்கி, சிறிது எண்ணெயிலே பொன்னிறமாக வறுத்துத் தூவுவார்களாம். தங்கை பராமரிக்கும் மூதாட்டியே இதனை அவளுக்குக் கற்பித்தாராம். பழைய பாண்துண்டு ஒன்று சட்டியிலே மொறுமொறுவென வறுபட்டபோது வீடெங்கும் மணம் கமழ்ந்தது.

பின்னர் மேசைமீது வெண்துணி விரித்து, ஆழமான வெண்கோப்பைகள் நான்கை வைத்தாள். ஒவ்வொன்றிலும் அளவாக வார்த்து, மேலே பச்சை ஒலிவ் எண்ணெய் சில துளிகள் விட்டு, பாண்தூளைத் தூவினாள். மைத்துனரும் மருமகனும் சட்டை மாற்றிக்கொண்டு வந்து அமர்ந்தனர். மண்டபத்திலே பலநூறு ரூபா கொடுத்து உண்ட விருந்துகளில் நான் காணாத ஒழுங்கையும் அழகையும் அம்மேசையிலே கண்டேன். இரண்டு முறை கேட்டு வாங்கி உண்டேன்.

உணவின் பின் வெறும் பேணிகளை எறியச் சென்றேன். குப்பைப் பையினுள் அதே பேணிகள் ஐந்தாறு கிடந்தன. நான் வருமுன்னர் அவ்வாரம் அவர்கள் உண்டவை அவை. மருமகன் சிரித்துக்கொண்டே, “மாமா, அம்மா ஊருக்குக் காசு அனுப்பின கிழமையில எங்களுக்கு இதுதான்” என்றான். தாய் அவனை அதட்டினாள். நான் கேளாதவன்போல் நின்றேன்.

ஊர் திரும்பும் நாளன்று தங்கை கேட்டாள்: “அண்ணா, வந்தநாள் தொடக்கம் என்னவோ கேட்க நினைக்கிறியள் போல இருக்கு. என்ன?”

“அந்தப் பாண்தூளை எவ்வளவு நேரம் வறுக்கவேணும் எண்டுதான்” என்றேன்.

அவள் என்னைச் சற்று நேரம் பார்த்திருந்தாள். “ஐந்து நிமிசம். கிளறிக்கொண்டே இருக்கவேணும்” என்றாள்.

பேணிப் போஞ்சி நமக்கு இறக்குமதிப் பொருள், விலை அதிகம். ஆதலால் என் மனைவி கௌபியை இரவிலே ஊறவைத்து அவித்துக்கொள்கிறாள். ரோஸ்மேரிக்குப் பதிலாகக் கறிவேப்பிலை. விடுதியிலே தங்கிப் படிக்கும் மாணவரும் ஒரே சட்டியிலே இதனைச் சமைக்கலாம். கூரையைச் சம்பளத்திலே மிச்சம்பிடித்து ஒவ்வொரு பக்கமாக மாற்றி வருகிறேன்; மழைக்கு ஓர் அறையிலே இன்னும் வாளி வைக்கிறோம். அத்தகைய மழைநாள் ஒன்றிலே இவ்வுணவைச் சமைத்து, வெண்துணி விரித்து உண்டோம். அதனைத் தொலைபேசியிலே தங்கைக்குச் சொன்னேன்.

“பாண்தூள் கருகவில்லையே, அண்ணா?” என்று மாத்திரம் கேட்டாள்.