குறியை மாற்றினால் கணக்கு மாறுமா?

நூறு ரூபாய் என்று எழுதியிருக்கும் இடத்தில் ரூபாயை அடித்துவிட்டு டாலர் என்று எழுதினால் அது நூறு டாலர் ஆகிவிடுமா? ஆகாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கணினியில் வரைபடத் தரவுகளை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது நன்கு படித்தவர்களே இந்தத் தவறைச் செய்துவிடுகிறார்கள்.

புள்ளியியலுக்குப் பயன்படும் 'ஆர்' நிரல்மொழியில், இடம் சார்ந்த தரவுகளுக்காக 2005ல் 'எஸ்பி' என்ற தொகுப்பு வந்தது. 2016ல் அதைவிட எளிமையான 'எஸ்எஃப்' வந்தது. இதில் எல்லாமே பேரேடு போன்ற ஓர் அட்டவணைதான். ஒரு வரிக்கு ஓர் இடம். அந்த இடத்தின் வடிவம் தனியாக ஒரு பத்தியில் இருக்கும். பழைய தொகுப்புகள் கோப்புகளைத் திறக்க நம்பியிருந்த 'ஆர்ஜிடால்' 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றுவிட்டது. எனவே பழைய நிரல்களை வைத்திருப்பவர்கள் மாறித்தான் ஆக வேண்டும். மாற்றுவதற்கு ஒரே ஒரு கட்டளை போதும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

ஆர் படிப்பவர்கள் பலரும் பழகும் தரவு ஒன்று உண்டு. நெதர்லாந்தில் ஸ்டைன் என்ற ஊருக்கு அருகே, மியூஸ் ஆற்றின் வெள்ளச் சமவெளியில் 155 இடங்களில் எடுத்த மண்ணில் துத்தநாகம், ஈயம், காட்மியம் எவ்வளவு என்ற கணக்கு அது. முதல் இடத்தின் எண்கள் 181072, 333611. இவை டச்சு நாட்டின் அளவுமுறையில் மீட்டர்கள். ஆனால் அது எந்த அளவுமுறை என்பது அட்டவணைக்குள் எழுதப்பட்டிருக்காது. மாற்றுபவர்தான் சொல்ல வேண்டும்.

அவர் தவறுதலாக, அதே பகுதிக்குப் பயன்படும் இன்னொரு மீட்டர் முறையான 'யூடிஎம் 31 வடக்கு' என்று சொல்லிவிட்டால்? ஆர் ஒரு வார்த்தை பேசாது. ஏற்கெனவே இருக்கும் குறியை மாற்றினால்தான் எச்சரிக்கும். வெற்றிடத்தில் எதை எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும். விளைவு, டச்சு ஆற்றங்கரையின் நச்சு மண் மேற்கு ஆப்பிரிக்காவுக்குத் தெற்கே கினி வளைகுடாக் கடலில் போய் நிற்கும்!

முதலில் உண்மையான அளவுமுறையைச் சொல்ல வேண்டும். வேறு முறை தேவையென்றால், எண்களையே மாற்றிக் கணக்கிடும் தனிக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். முன்னது நாணயத்தின் பெயரை எழுதுவது. பின்னது மாற்று விகிதத்தால் பெருக்குவது.

ஷேப்ஃபைலில் இந்தக் குறி 'பிஆர்ஜே' என்ற தனிக் கோப்பில் இருக்கும். மின்னஞ்சலில் அதை விட்டுவிட்டு மற்றவற்றை அனுப்பினால் குறியும் போயிற்று. ஜியோபேக்கேஜில் எல்லாம் ஒரே கோப்புக்குள் இருப்பதால் அந்தப் பயம் இல்லை.

இருப்பாய்வு சரியாக வந்தாலும் கணக்கில் பிழை ஒளிந்திருக்கலாம் என்கிறது வணிகவியல் பாடம். இங்கேயும் அப்படித்தான். 155 வரிகள் போய் 155 வரிகள் வந்துவிட்டன என்று நிம்மதி அடையக்கூடாது. வரைபடத்தில் போட்டு, புள்ளிகள் ஆற்றங்கரையில் நிற்கின்றனவா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். எந்த நிலத்தில் பயிரிடலாம், எதில் கூடாது என்று அந்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான் யாரோ முடிவெடுக்கப் போகிறார்கள்.