பிளாவும் பீப்பாவும்

கிளாஸ்கோவின் வடக்குப் பக்கத்தில், கால்வாய்க்கரை மேட்டிலிருந்து பின்னேரங்களில் அவிந்த தானிய மணம் இறங்கி வரும். போர்ட் டண்டாஸ் வடிசாலையின் மணம். மழை தூறினால் மேலே போகாமல் தெருவோடு படுத்துக் கிடக்கும். உங்களுக்கும் நினைவிருக்கும், பஸ் காசை மிச்சம் பிடிக்க அந்த வழியாலேதானே நடந்து வருவோம். கோட்டுக் கழுத்துப் பட்டியைத் தூக்கி விட்டுக்கொண்டு, கையைப் பொக்கற்றுக்குள் செருகிக்கொண்டு. குளிருக்கு வேறெந்த மணமும் எழும்பாத ஊரில் அது ஒன்றுதான் சூடாக இருந்தது. 1811இல் தொடங்கின வடிசாலை அது.

ஊரில் விஸ்கி என்றால் மாமா வீட்டு அலுமாரிதான். சதுரப் போத்தல், சாய்ந்த லேபல், தொப்பி போட்டுக்கொண்டு விறுவிறென்று நடக்கிற மனிதர். கப்பலில் வேலை செய்த யாரோ கொண்டுவந்து கொடுத்தது. டொக்டர் வந்தால், சம்பந்தம் பேச ஆட்கள் வந்தால், கண்ணாடிக் கதவு திறபடும். மூடி திறபடுவது அதிலும் அருமை. போத்தல் ஒருநாள் முடிந்துபோனதும் மாமி அதைச் சுடுதண்ணி விட்டுக் கழுவி நல்லெண்ணெய் ஊற்றி வைப்பா. தோசைக்கு எண்ணெய் விடும்போதெல்லாம் ஜோனி வோக்கர் அடுப்படிக்குள் நடந்து வருவார். அவர் பிறந்த இடம் கில்மார்னொக். 1820இல் ஒரு பலசரக்குக் கடையாகத்தான் அந்த வியாபாரம் ஆரம்பித்தது. கிளாஸ்கோவிலிருந்து கிட்டத்தான்.

எங்களுக்குக் கிடைத்தது கள்ளு. பங்குனி, சித்திரை வெயிலில் தவறணைப் பக்கம் போனால் புளிச்ச வாசமும், வாங்கில் இருப்பவர்களின் பேச்சும், பொரிச்ச மீன் மணமும் ஒன்றாக வந்து முகத்தில் அடிக்கும். காலமை இறக்கினதற்கு ஒரு ருசி, பின்னேரத்துக்கு வேறு ருசி. முட்டிக்குச் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர், பூசாவிட்டால் கள்ளு. எங்கள் வளவுக்கு வரும் சீவல்காரர் பச்சை ஓலையை மடித்துப் பிளா கோலுவார். அதில் வார்த்துக் கையில் தரும்போது ஓலையின் பச்சை வாசமும் சேர்ந்துதான் உள்ளே போகும். கிணற்றடிப் பனை இனிப்பு, வேலிப் பனை கொஞ்சம் கசப்பு என்று மரம் மரமாகச் சொல்லுவார். பாளையைத் தட்டிப் பதமாக்கி, கத்தியால் மெல்லிசாகச் சீவி விடுகிற அந்தக் கைக்கு எத்தனை வருசப் படிப்பு! அந்த மனிசனை நாங்கள் படலைக்கு இங்காலே வர விடவில்லை. இன்றைக்கும் நெஞ்சில் குத்துகிற விசயம் அது. ஸ்கொட்லாந்தில் வடிக்கிறவரின் பேரைச் சில போத்தல்களிலேயே அச்சடிக்கிறார்கள்.

1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு நாங்கள் சிதறினோம். அதே வருசம் ஸ்கொட்லாந்திலும் வடிசாலைகள் வரிசையாய் மூடின. ஐலாத் தீவில் போர்ட் எலன், வடக்கே புரோரா, லின்லித்கோவில் செயின்ட் மக்டலின். எழுபதுகளில் அளவுக்கு மீறி வடித்துவிட்டார்கள், வாங்க ஆளில்லை. இதை எனக்குச் சொன்னவர் மதுக்கடை மூலையில் எப்போதும் அதே கதிரையில் இருக்கிற கிழவர், பீப்பா கட்டுகிற தொழிலிலிருந்து ஓய்வு எடுத்தவர். உங்களுக்கும் ஒரு நாள் கைகொடுத்திருக்கிறார்; விரல் முட்டெல்லாம் வீங்கின கை. சின்னக் கிளாசில் விஸ்கியும் பக்கத்தில் அரைப் பைன்ட் பியரும் கேட்பார். அதோடு ஒரு மணித்தியாலம் இருப்பார்.

"அவசரப்படாதே, மகனே" என்பார். கிளாசை முதலில் நெஞ்சு மட்டத்தில் பிடிக்க வேண்டும். மணம் தானாக மேலே வரும். பிறகு வாயைக் கொஞ்சம் திறந்தபடி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். அப்போதுதான் சாராயத்தின் காரம் மூக்கை எரிக்காது. அதற்குப் பிறகு தண்ணீர், சில துளி. கலவை செய்கிற பெரிய ஆட்களே சாராயச் செறிவு இருபது வீதத்துக்கு இறங்கும்படி தண்ணீர் கலந்துதான் மூக்கால் சோதிப்பார்கள் என்று அவர் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல். தண்ணீர் விட்டால் மரியாதைக் குறைவு என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். துளி விழுந்ததும் மூடிக் கிடந்த மணங்கள் ஒவ்வொன்றாக எழும்புகின்றன: பேரிக்காய், தேன், பழைய மரப்பெட்டி, ஈரப் புல்.

ஒரு மாரிக்கால இரவு அவர் லஃப்ரோயிக் விஸ்கி வாங்கித் தந்தார். கிளாசைக் கிட்டக் கொண்டு போகிறேன், எனக்குக் கண் கலங்குகிறது. பன்னாடையும் காய்ந்த பாளையும் போட்டு எரிக்கிற எங்கள் அடுப்படி. அம்மா ஊதுகுழலோடு குந்தியிருக்கிறா. அது பீட் புகை. சதுப்பில் பாசியும் புல்லும் ஆயிரக்கணக்கான வருசம் மக்கி இறுகின மண்ணை வெட்டிக் காயவைத்து, அந்தப் புகையில் முளைவிட்ட பார்லியை உலர்த்துகிறார்கள். எனக்கு அது தெரிந்தது பிறகுதான். கிழவர் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அவருக்கு மரம்தான் பேச்சு. ஆணியும் பசையும் இல்லாமல் பலகைகளை இரும்பு வளையம் மட்டும் பிடித்து நிறுத்துகிறது. சுத்தியலால் தட்டிச் சத்தத்தைக் கேட்டே எங்கே ஒழுகும் என்று சொல்லுவாராம். அமெரிக்காவில் பேர்பன் விஸ்கிக்குப் புது ஓக் பீப்பாதான் வேண்டும் என்பது சட்டம். அதனால் அங்கே ஒருமுறை பாவித்த இருநூறு லீற்றர் பீப்பாய்கள் கப்பலேறி இங்கே வரும். ஷெரி வைன் இருந்த பீப்பா என்றால் ஐந்நூறு லீற்றர் கொள்ளும். குறைந்தது மூன்று வருசம் ஓக் மரத்துக்குள் கிடந்தால்தான் ஸ்கொட்ச். அதற்குள் வருசத்துக்கு இரண்டு வீதமளவு காற்றோடு போய்விடும். அது தேவதைகளின் பங்கு. எங்கள் தென்னஞ்சாராயத்தை ஹல்மில்ல மரப் பீப்பாயில் போட்டு வைப்பதைச் சொன்னேன். அந்த மரத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றார்.

அவருக்குப் பிடித்தது ஃபோல்கேர்க் ஊர் றோஸ்பாங்க். புகையே இல்லாதது, மூன்று தரம் வடிப்பது, பூ வாசம். 1993இல் அதையும் பூட்டினார்கள். அன்று அவர் வழக்கம் போலக் கதை சொல்லவில்லை. மற்ற நாளென்றால் பழைய வேலைத்தலக் கதை வரும். வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் கங்காணி நிரையில் விட்டு எல்லாருக்கும் ஒரு வாய் ஊற்றிக் கொடுப்பது, காற்சட்டைக்குள் செப்புக் குழாயைத் தொங்கவிட்டுப் பீப்பாயிலிருந்து களவெடுப்பது. அந்தக் குழாய்க்கு 'நாய்' என்று பட்டப்பேர்.

கிழவர் போய்விட்டார். மதுக்கடையிருந்த இடத்தில் இப்போது நகம் வெட்டி அழகுபடுத்துகிறார்கள். போர்ட் டண்டாஸ் 2010இல் நின்றது. கில்மார்னொக்கில் ஜோனி வோக்கர் போத்தலில் அடைத்த ஆலை 2012இல். செயின்ட் மக்டலினில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், வீடுகளாக்கி விட்டார்கள். ஊரில் பனைகள் பங்கருக்குத் தறிபட்டுப் போயின. நான் திரும்பப் போனபோது கிணற்றடிப் பனை இல்லை. சீவல்காரரின் பேரன் கனடாவில். பாளைக்கத்தியைப் பிடித்ததே இல்லை என்றான்.

புரோரா, போர்ட் எலன், றோஸ்பாங்க் மூன்றும் திரும்ப வடிக்கத் தொடங்கியிருக்கின்றன, நல்லதுதான். ஆனால் மூடுவதற்கு முன்னர் வடித்த பழைய போத்தல்கள் ஏலத்துக்குப் போகின்றன. வாங்குகிறவர் திறப்பதில்லை, விலை ஏறும்வரை பூட்டி வைக்கிறார். இது எனக்கு ஒத்துவரவில்லை. வடித்தவனும் பீப்பா கட்டினவனும் யாரோ ஒருவர் குடிக்கட்டும் என்றுதான் அத்தனை பாடும் பட்டார்கள்.

கிழவர் எனக்கு ஒரு றோஸ்பாங்க் தந்துவிட்டுப் போனார், பூட்டுவதற்கு முன்னர் வடித்தது. விற்கச் சொல்லிக் கேட்கிறார்கள், விற்கமாட்டேன். கிளாஸ்கோ பக்கம் வந்தால் முதல்நாளே ஒரு போன் அடியுங்கள். உடைப்போம்.